கேட்கும் செவி



தேர்வில் தவறிய பிள்ளைக்கு நாம் அறிவுரை தருகிறோம், வசையும் தருகிறோம். அவன் பேச்சைக் கேட்பதுதான் அரிது.

1953இல் இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், தற்கொலை எண்ணத்தால் வருந்துவோர்க்குத் துணையிருக்கத் தொண்டு தொடங்கினார். அவரைக் காணக் காத்திருந்தோர், தேநீர் கொடுத்து உடனிருந்த தொண்டர்களிடமே மனம்விட்டுப் பேசினர். பலர் அவரைக் காணாமலே ஆறுதலுற்றுத் திரும்பினர். அத்தொண்டர்கள் மருத்துவம் பயின்றவர் அல்லர் என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய 'சினேகா'வும் இவ்வழியதே.

காவேரிப்பாக்கத்தில் நம் பெற்றோர் சிலர் விடியுமுன் தோல் தொழிற்சாலைக்குப் புறப்பட்டு, இருட்டிய பின்னரே திரும்புகின்றனர். பிள்ளை பேச விரும்பும் வேளையில் வீட்டில் ஆளில்லை. வீட்டின் முதல் படிப்பாளியான அவன் தவறினாலோ, 'உங்களுக்கெல்லாம் எதற்குப் படிப்பு?' என்ற ஏளனம் தெருவிலே காத்திருக்கிறது. அச்சொல்லை அவன் யாரிடம் இறக்கிவைப்பான்?

எனவே மாலை வகுப்பு முடிந்ததும் ஓர் ஆசிரியர் அரைமணி நேரம் அமர்ந்திருக்கட்டும். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கிட வேண்டா. பிரம்பும் மேசைமேல் வேண்டா!

நம்மால் இயலாதபோது, 2022இல் நடுவண் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்குக் கட்டணமின்றி 14416இல் பேசலாம். அவ்வெண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதியுள்ளோம். பலகை துடைக்கும் மாணவர்கள் அதை அழியாமல் காத்துவருகின்றனர்.