வெறுங்கையோடு போய்க் கேளுங்கள்

(ஆவணப்படப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நம் அறக்கட்டளையின் உதவி பெறும் குடும்பங்களைப் பற்றி நீங்கள் ஓர் ஆவணப்படம் எடுக்கப் போகிறீர்கள். கேமரா நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன்.

1984-ல் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில், கூடாரத்தில் நடந்த பள்ளிக்கூடம் ஒன்றில் ஆப்கான் சிறுமி ஒருத்தியை ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்கர் படம் பிடித்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகரபிக் இதழின் அட்டையில் அது வந்தது. அந்தப் பச்சைக் கண்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உலகமே பார்த்தது, அவர் பார்க்கவில்லை. அவர் பெயரைக்கூட எடுத்தவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

2002-ல் அதே பத்திரிகையின் ஆவணப்படக் குழு தேடிப்போய் அவரைக் கண்டுபிடித்தது. ஷர்பத் குலா என்ற பெயர் வெளியே தெரிந்தது. தன் படத்தை அவர் முதன்முதலாகப் பார்த்ததும் அப்போதுதான். குடும்பத்தின் மருத்துவச் செலவுக்கும் மக்கா பயணத்துக்கும் பத்திரிகை உதவியது; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2016-ல் போலி அடையாள அட்டை வழக்கில் பாகிஸ்தானில் அவர் கைதானபோது, அதே முகம் மறுபடி உலகச் செய்தியானது. அப்படி அட்டை வைத்திருந்த அகதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். படத்தால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம் என்று பின்னாளில் அவர் சொன்னார். அதன் வருமானம் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவியதில் மகிழ்ச்சி என்றும் சொன்னார். இரண்டையும் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது.

எங்கோ நடந்ததுதானே என்று நினைக்காதீர்கள். ஒரு ரமளானில் அரிசி மூட்டை கொடுக்கும்போது நானே செல்போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "எடுக்கலாமா லாத்தா?" என்று கேட்டுத்தான் எடுத்தேன். தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து, அவர் மகள் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்று அழுவதாகச் செய்தி வந்தது. வீடியோ தோழிகளின் கைக்குப் போய்விட்டது. என் போனில் அழித்துவிட்டேன்; ஊரார் போனில் இருப்பதை எப்படி அழிப்பது? மூட்டை என் கையில் இருக்கும்போது அவர் வேறென்ன பதில் சொல்ல முடியும்? இது எனக்கு அன்று தோன்றவில்லை.

அதனால் உதவியைக் கொடுத்து முடித்து, இன்னொரு நாள் வெறுங்கையோடு போய்க் கேளுங்கள். மறுத்தாலும் அடுத்த மாத உதவி நிற்காது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தொகுத்த படத்தை அவர்கள் வீட்டிலேயே போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளும் உட்கார்ந்து பார்க்கட்டும். அவர்கள் வேண்டாம் என்ற காட்சியை வெட்டிவிடுங்கள். "உருக்கமே அதில்தானே இருக்கிறது, நன்கொடை குறையுமே" என்று செயலாளர் காக்கா கேட்பார். (சிரிக்கிறார், கேட்கத்தான் போகிறார்.) குறைந்தால் குறையட்டும் காக்கா, ஜகாத் நேரத்தில் வீடு வீடாக நாமே போய்க் கேட்போம்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அந்த லாத்தா வீட்டுக்கு நானும் உங்களோடு வருகிறேன். கேமராவை அன்று எடுத்து வர வேண்டாம்.