நீதிபதியும் பொது ஊழியரே!

(திருவான்மியூர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. வேலைநீக்கம் செய்யப்பட்ட ஆலைத் தொழிலாளியும், கூலி பாக்கிக்காகப் போராடும் விவசாயத் தொழிலாளியும் கோர்ட்டுப் படி ஏறினால் காண்பது என்ன? சம்மன் சேர்க்க மாமூல். நகல் வாங்க மாமூல். கொடுக்காதவனுக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தா! ஒவ்வொரு வாய்தாவிலும் நமக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். காலம் கடந்தால் லாபம் எதிராளிக்கு.

கீழே பத்து ரூபாய் வாங்குகிறவரைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. மேலே?

இங்கிருந்து வடக்கே, பாரிமுனை அருகே நிற்கிறது சென்னை உயர்நீதிமன்றம். அதன் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி மீது, வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்ததாக 1976-ல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. குற்றச்சாட்டே தீர்ப்பாகிவிடாது, அதை நாம் அறிவோம். ஆனால் ஒரு நீதிபதி மீது இப்படி வழக்குத் தொடரலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்விக்கு முடிவான விடை கிடைக்கவே 15 ஆண்டுகள் ஆயின! லஞ்ச ஒழிப்புச் சட்டம் உயர்நீதிமன்ற நீதிபதிக்கும் பொருந்தும் என்று 1991-ல் உச்சநீதிமன்றம் கூறியது. கூடவே, இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் வழக்குப் பதியக் கூடாது என்றும் கூறியது. கதவு திறந்தது, சாவி மட்டும் உள்ளேயே இருந்துவிட்டது.

பாராளுமன்றம் என்ன செய்தது? நீதிபதி வி. ராமசாமி மீதான குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை நிரூபணமானதாக விசாரணைக் குழு கண்டது. 1993 மே மாதம் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. ஆதரவு 196 வாக்கு. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தீர்மானம் தோற்றது! காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்ததால், தேவையான பெரும்பான்மை கிட்டவில்லை.

நம்மைப் போல அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடு கானா. அங்கே நீதிபதிகள் லஞ்சம் வாங்குவதை 2015-ல் ஒரு பத்திரிகையாளர் ரகசியமாகப் படம்பிடித்து மக்களுக்குக் காட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் 20 பேர் பதவி நீக்கப்பட்டனர். மனம் இருந்தால் மாதங்களில் முடிகிற காரியம்தான் இது.

அப்படியானால் சாவியை அரசாங்கத்திடம் கொடுத்துவிடலாமா? கூடாது! நெருக்கடி நிலையின்போது, அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பளித்த நீதிபதிகள் ஊர்விட்டு ஊர் மாற்றப்பட்டதை மறக்க முடியாது. நேர்மையான நீதிபதியை மிரட்டும் சவுக்காகவும் அது மாறிவிடும்.

எனவே நாம் கேட்பது இதுதான்: அரசுக்கும் கட்டுப்படாத, நீதிபதிகளின் வட்டத்துக்குள்ளும் அடங்காத விசாரணை ஆணையம் வேண்டும். 2025 மே மாதம் உச்சநீதிமன்ற நீதிபதிகள் பலரின் சொத்து விவரம் வெளியிடப்பட்டது, நல்லது. அதை எல்லா நீதிபதிகளுக்கும் சட்டக் கடமையாக்க வேண்டும். கீழ்க்கோர்ட்டில் சம்மனும் நகலும் மாமூலின்றி, குறித்த நாளில் கிடைக்க வேண்டும்.

நீதி நமக்கு யாரும் போடும் பிச்சையல்ல, நம் உரிமை. அதைச் சங்கமாகத் திரண்டு கேட்போம்!