குன்றிமணிக்குள் அடங்கும் குறி

1948இல் மலாயாவில் தொடங்கிய அவசரகாலத்தில் மலாக்கா ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு, துப்பாக்கி என்றாலே பல நினைவுகள் வரும். அந்தக் காலத்து என்ஃபீல்டு ரிவால்வரைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவன் நான். "அண்ணே, குறி சரியாத்தான் பார்க்கிறேன், குண்டு கீழேயே போகுதே" என்று இளைஞர்கள் வந்து நிற்பார்கள். கழற்றிப் பார்த்தால் துப்பாக்கியில் பழுது இருக்காது. தோட்டாவைத்தான் பார்க்க வேண்டும். இந்த ரிவால்வர் முதலில் 200 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 13 கிராம் ஈயக்குண்டுக்காகச் செய்யப்பட்டது. பிறகு 1930களின் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவம் 178 கிரெய்ன் குண்டுக்கு மாறியது. கடையில் விற்ற தோட்டாக்களில் குண்டு இன்னும் லேசு.

கனமான குண்டுதானே தாழ்ந்து போகும் என்கிறீர்களா? 25 மீட்டரில் அது மேலே படும்! சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைத்து, குழலின் வாய் மேலே எழும்புகிறது. கனமான குண்டு மெதுவாக நகர்வதால், வாய் நன்றாக எழும்பிய பிறகே வெளியேறுகிறது. லேசான குண்டு அதற்குள் பறந்துவிடும். இதை நான் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். இரண்டையும் சுடச் சொல்லிக் காட்டுவேன்.

அதனால்தான், சட்டம் இடம் தரும் நாடுகளில் பழைய கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். உறையைச் சீராக்குவது, தீமூட்டியைப் பொருத்துவது, குண்டை இறுக்குவது எல்லாம் உண்டு; நேரமில்லை, விட்டுவிடுகிறேன். உயிர்நாடி தராசுதான். நம் மலாக்காவின் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் தங்கம் நிறுத்த ஆசாரிகளின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்ன். தோட்டா நிரப்புபவர்களோ வெடிமருந்தை ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்குவரை நிறுக்கிறார்கள். மருந்தைக் கூட்டினால் குறி கூடாது, துப்பாக்கிதான் வெடித்துவிடக்கூடும். ஒவ்வொரு தோட்டாவும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சீர்மையைச் சோதிப்பதுபோல், குழலின் வாய்வழியே கரிமருந்து திணித்துச் சுடும் பழங்காலக் கைத்துப்பாக்கிகளுக்கு உலகப் போட்டியே நடக்கிறது: 30 நிமிடத்தில் 13 குண்டுகள், சிறந்த 10 மட்டும் கணக்கு.

ஆசைப்பட்டு வீட்டில் முயன்றுவிடாதீர்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது நம் மலேசியாவில் குற்றம். தாத்தாவின் பெட்டியில் பழைய தோட்டா ஏதும் கிடைத்தால், அதைத் தொடாமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.