மனநோய் சாபமன்று


2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். "இது பேயின் சேட்டை, மருந்துக்குக் கட்டுப்படாது" என்று நம்பியே பலர் தம் உறவினரை அவ்வூருக்கு அழைத்துச் சென்றனர்.

சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நம் வெட்கத்தைத் தடுக்கச் சட்டமில்லை. பரிசோதனைக்குப் போனால் பைத்தியப் பட்டம் வரும், மகளுக்கு வரன் வராது என அஞ்சுகிறோம். மருத்துவர் முதலில் கேட்பதோ தூக்கம், பசி, மனச்சோர்வு பற்றித்தான். "ஆம்" என்றதுமே நோயென்று முடிவாகாது, மேலும் பார்ப்பார்கள்.

பாவில் இழை அறுந்தால் தறியை யாரும் எறிவதில்லை, முடிச்சிட்டு நெய்கிறோம். ஜெபியுங்கள், மருத்துவர் தந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.