மோரீஸ் தீவில் ஐக்கிய நாணய சங்கங்கள்



இந்து மகாசமுத்திரத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, ஏறக்குறைய 720 சதுர மைல் பரப்புள்ள மோரீஸ் என்னும் தீவு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அதனை ஆங்கிலேயர் 1810-ஆம் வருஷத்தில் கைப்பற்றினர். அங்கே அடிமை முறை ஒழியுந் தறுவாயில் கரும்புத் தோட்ட முதலாளிகள் வேலையாட்களுக்காக இந்தியாவை நாடினர். 1834 முதல் 1910 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர் சுமார் நாலரை லக்ஷம் பேர். கல்கத்தா வழியே போன பீஹார்க்காரரே பெரும்பாலோர். சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் பலருண்டு. அத்தீவில் செலாவணியான நாணயமும் ரூபாயே.

1911-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அங்கிருந்தோரில் பத்தில் ஏழு பங்கினர் இந்திய வம்சத்தார். ஆயினும் ஆட்சியில் அவர்களுக்கு இடமில்லை. லண்டனிலிருந்து நியமிக்கப்பெற்ற கவர்னருக்கு ஓர் ஆலோசனைச் சபை இருந்தது. 1885-ஆம் வருஷத்துத் திட்டத்தின்படி அதில் பத்துப் பேர் தேர்தலால் வந்தனர். ஆனால் வோட்டுரிமை பெற்றவர் நூற்றுக்கு இருவர் அளவினரே. இந்தியர் முதன்முதலாகத் தேர்தலில் வெற்றி பெற்றது 1926-ஆம் வருஷத்தில்தான்.

இனி, சிறு குடியானவர்கள் அங்கே தோன்றிய விதத்தைப் பார்ப்போம். 1880-க்குப் பின் ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரை மலிந்து, கரும்புச் சர்க்கரையின் விலை வீழ்ந்தது. பெருந்தோட்டக்காரர் தங்கள் நிலத்தில் கடைத்தரமானவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒப்பந்தம் முடிந்த இந்தியர்களுக்குத் தவணைக் கிரயத்துக்கு விற்றனர். வருஷக்கணக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் இவ்வாறு ஓரிரண்டு ஏக்கர் கல்லாங்காடாக மாறிற்று. நிலம் கைக்கு வந்தது. கூடவே கடனும் வந்தது. கரும்பு நட்டால் முதல் வெட்டுக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகும். அதுவரை எருவுக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் தந்தவர் தரகர். வெட்டிய கரும்பை அந்தத் தரகரிடமே ஒப்புவிக்க வேண்டும். அவர் அதை ஆலைக்கு விற்று, கடனையும் வட்டியையும் தம் லாபத்தையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். மிச்சம் இல்லாத வருஷங்களும் உண்டு. இந்த ஏற்பாட்டை அறிய மோரீஸ் வரை போக வேண்டியதில்லை என்று இக்கூட்டத்தில் சிலர் நினைக்கக்கூடும்.

1902-ஐ அடுத்த காலத்தில் சர்ரா என்னும் கால்நடை நோய் பரவி, வண்டி மாடுகளும் கோவேறு கழுதைகளும் ஏராளமாக மடிந்தன. பெருந்தோட்டங்களுக்குச் சர்க்கார் கடனுதவி கிடைத்தது. அவர்கள் சிறு இருப்புப்பாதை போட்டுக் கரும்பை இழுத்தனர். ஒற்றை ஜோடி மாட்டை இழந்தவன் மீண்டும் தரகரிடமே போனான்.

1909-ஆம் வருஷத்தில் ஸர் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் தலைமையில் ஒரு ராயல் கமிஷன் அத்தீவுக்கு வந்தது. இந்தியர் சார்பில் மணிலால் டாக்டர் என்னும் பாரிஸ்டர் அதன்முன் சாக்ஷியம் அளித்தார். சிறு சாகுபடிக்காரருக்கு இந்தியாவில் உள்ளவை போன்ற ஐக்கிய நாணய சங்கங்கள் வேண்டும் என்பது கமிஷனின் யோசனைகளுள் ஒன்று. 1913-ல் அதற்கான சட்டம் பிறந்தது. சங்கங்களை ஸ்தாபிக்க இந்திய சிவில் சர்வீஸைச் சேர்ந்த வில்பர்போர்ஸ் துரை அனுப்பப்பட்டார். சென்னை மாகாணத்தில் ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் ஆராய்ந்து, 1904-ஆம் வருஷத்து இந்தியச் சட்டத்தில் இடம் பெற்ற அதே ஜெர்மானிய முறை, கூலிகளின் பிள்ளைகளைத் தேடிக் கடல் கடந்து சென்றது. ஒருவரையொருவர் அறிந்த கிராமத்தார் கூடிப் பணம் சேர்ப்பது, ஒருவர் கடனுக்கு எல்லோரும் ஜவாப்தாரியாவது, பஞ்சாயத்தார் விசாரித்தே கடன் கொடுப்பது ஆகிய ஏற்பாடுகள் அங்கத்தினர்களுக்குப் பழகியவையே.

முதல் மகாயுத்தத்தில் சர்க்கரை விலை ஏறிற்று. குடியானவர் பலர் கைநிறையப் பணங் கண்டனர். ஏறிய விலைக்கு மேலும் நிலம் வாங்கினர். 1921-ல் விலை சரிந்தது. நிலத்தின் மதிப்பு குறைந்தது, பத்திரத்தில் எழுதிய தொகை குறையவில்லை. நல்ல காலத்தில் சேமிப்பைக் கேளாத சங்கங்களுக்குக் கெட்ட காலத்தில் வசூலிக்க வழியில்லை.

வேறொரு குறையும் இருந்தது. கடன் கொடுப்பதற்குச் சங்கம் இருந்தது; கரும்பை நிறுப்பதும் விலை வைப்பதும் ஆலையின் கையிலேயே இருந்தன. 1937-ல் அதன் விளைவு வெளிப்பட்டது. ஊபா என்பது ஒரு ஜாதிக் கரும்பு: எருவில்லாத மட்ட நிலத்திலும் செழித்து வளரும், எடை அதிகம், சர்க்கரைச் சத்து குறைவு. சிறு குடியானவர் விரும்பிப் பயிரிட்டது அதுவே. அந்தக் கரும்புக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம் விலையைக் குறைப்பதாக ஆலைகள் அறிவித்தன. குடியானவரும் கூலிகளும் திரண்டனர். ஆகஸ்டு மாதத்தில் யூனியன் பிளாக் தோட்டத்தில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். அந்த ஆலையின் சொந்தக்காரர் இந்தியக் குடும்பத்தாரே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை; தராசைப் பிடித்தவனுக்கும் கரும்பைச் சுமந்தவனுக்கும் இடையே உள்ள வழக்கில் குலம் ஒன்றாயிருப்பது போதவில்லை.

பின்னர் ஹூப்பர் என்பவர் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. 1939-ல் கரும்பு விற்போருக்கும் ஆலைக்காரருக்கும் இடையே எழும் வழக்குகளைத் தீர்க்க, சட்டத்தின் மூலம் ஒரு மத்தியஸ்த போர்டு ஏற்பட்டது. சங்கச் சட்டம் பிறந்து அப்போது இருபத்தாறு வருஷங்கள் ஆகியிருந்தன.