எந்த வாயைக் கட்டுவது?



தலைமையுரை என்றால் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்க வேண்டும் என்றொரு வழக்கம் உண்டு. எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் ஒரு துளையைப் பற்றித்தான் பேச முடியும். எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்யும்போது இரைப்பையின் மேல்பகுதியில் சின்னப் பை ஒன்றை ஒதுக்கி, அதைச் சிறுகுடலோடு தைக்கிறோமே, அந்த இணைப்பு வாய். நம் பேச்சில் ஸ்டோமா. தைக்கிற அன்று அது 10 முதல் 12 மில்லிமீட்டருக்குள் அமைய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். அதற்குப் பிறகு அதை அளப்பவர் யார்?

என்னிடமே பைபாஸ் செய்துகொண்ட ஓர் அம்மா. 40 கிலோ குறைந்தவர், நாலாம் வருடம் 18 கிலோ ஏறி வந்து நின்றார். “முன்னெல்லாம் ஒண்ணரை இட்லிக்கே நெஞ்சுல நின்னுடும் டாக்டர். இப்ப நாலு போனாலும் போன இடம் தெரியல” என்றார். நோயை அவரே சொல்லிவிட்டார். எனக்குத்தான் காதில் விழவில்லை. உணவுப் பட்டியலைக் கையில் கொடுத்து, வாயைக் கட்டுங்கள் என்று அனுப்பிவைத்தேன். மறு வருடம் வேறு காரணத்துக்காக எண்டோஸ்கோப்பி செய்தபோது, கருவி எங்கும் உரசாமல் குடலுக்குள் இறங்கியது. வாய் 25 மில்லிமீட்டருக்குக் குறையாது. கட்ட வேண்டியது எந்த வாய் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தத் துளை விரியும் என்பது புதுச் செய்தி அல்ல. 1966-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். பின்னாளில் குடலைத் தொடாமல் இரைப்பையை மட்டும் தடுத்து எடை குறைக்கப் பார்த்தபோது, வைத்த வாய் வைத்த அளவில் நிற்கவில்லை. 1980-இல் அவர் தடுப்பைச் செங்குத்தாக்கி, சுவர் தடித்த, எளிதில் விரியாத உள்வளைவுப் பக்கமாக வாயைக் கொண்டுபோனார். அதைச் சுற்றி 5 சென்டிமீட்டர் சுற்றளவில் வலைப்பட்டை ஒன்றைக் கழுத்துப்பட்டிபோல் போட்டார். விரிவது நின்றது. ஆனால் பட்டை சிலருக்குச் சுவரை அரித்து உள்ளே வந்தது. சிலருக்கு வாய் சுருங்கிச் சோறும் சப்பாத்தியும் இறங்காமல் போனது. அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. ஐஸ்கிரீமுக்கும் மில்க்‌ஷேக்குக்கும் மாறினார்கள். இறுக்கிப் பிடித்தால் ஆள் மெலிவார் என்ற நம் கணக்கை அதைவிட நன்றாக யாரும் பொய்யாக்கியதில்லை.

விரிவது ஏன் தானாக நிற்பதில்லை? ஆரம் கூடக் கூட, அதே அழுத்தத்துக்குச் சுவரில் விழும் இழுவிசையும் கூடும் என்பது லாப்லாஸ் விதி. பலூன் ஊதியவர்களுக்குத் தெரியும், முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும். 12 மில்லிமீட்டர் 24 ஆனால் விட்டம் இரு மடங்கு, ஆனால் சாப்பாடு இறங்கும் பரப்பு நான்கு மடங்கு.

சுருங்குகிற கதை வேறு. அது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். ஒன்பது, பத்து மில்லிமீட்டர் தடிமன் உள்ள நம் வழக்கமான எண்டோஸ்கோப் நுழையாமல் நின்றுவிடும். வாந்தியோடு வருகிறவரை யாரும் திட்டுவதில்லை, உடனே பலூன் வைத்து விரிக்கிறோம். விரிந்த வாயோடு வருகிறவருக்கு மட்டும் ஏனோ அறிவுரை.

தைத்துச் சுருக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்றும் நான் சொல்ல வரவில்லை. வாய்வழியே எண்டோஸ்கோப்பால் தைத்துச் சுருக்கும் முறையை, தைக்காமல் விட்ட போலிச் சிகிச்சைக் குழுவோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2013-இல் வெளியானது. மொத்தம் 77 பேர், எல்லாருக்கும் வாய் 20 மில்லிமீட்டருக்கு மேல். ஆறு மாதத்தில் தைத்துக்கொண்டவர்கள் எடையில் 3.5 சதவீதம் இழந்தார்கள், மற்றவர்கள் 0.4. வித்தியாசம் உண்மையானது, ஆனால் 100 கிலோ ஆளுக்கு அது சுமார் மூன்று கிலோ. பசியைக் கூட்டிக் குறைக்கும் ஹார்மோன்களும், பையின் அளவும், ராத்திரி பதினோரு மணிக்கு வரும் பரோட்டாவும் இந்தத் துளையைக் கேட்டு நடப்பதில்லை. ஸ்லீவ் என்னும் இரைப்பைக் குறைப்பு அறுவை செய்தவர்களுக்கு இந்த வாயே கிடையாது, அங்கும் எடை திரும்புகிறது.

என் கோரிக்கை சின்னது. ரிப்போர்ட்டில் “ஸ்டோமா அகலமாக உள்ளது” என்று எழுதுவதை நிறுத்துவோம். எண்டோஸ்கோப்பின் லென்ஸ் படத்தின் ஓரங்களை ஒடுக்கிக் காட்டும். கண்ணை நம்பினால் ஒருவர் 15 என்பதை இன்னொருவர் 22 என்பார். அளவு தெரிந்த ஒரு பயாப்ஸி ஃபோர்செப்ஸை வாய்க்கு முன்னால் திறந்து பிடிக்க அரை நிமிடம் போதும். நோயாளி எதற்காக வந்திருந்தாலும் சரி, எண்டோஸ்கோப் உள்ளே போனால் மில்லிமீட்டரில் ஓர் எண் எழுதப்பட வேண்டும். அறுவை நாளின் எண்ணும் அதே தாளில் இருக்கட்டும். அந்த அம்மாவின் கோப்பில் நான் இரண்டில் ஒன்றைக்கூட எழுதி வைத்திருக்கவில்லை.

முதல் அமர்வு பலூன் விரிப்பு பற்றியது. எந்த அளவில் நிறுத்துவது என்பதில் இங்கேயே இரண்டு கட்சி இருப்பது எனக்குத் தெரியும். கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.