புனேயின் சாவித்ரிபாய்

புனே என்றதும் நமக்குத் திலகர், ரானடே, கோகலே என்றுதான் பெயர்கள் வரும். 1848-ல் பிடே வாடாவில் பெண்கள் பள்ளி தொடங்கிய சாவித்ரிபாய் புலேக்கு ஒரு வரி ஒதுக்கினால் அதிகம். (இடம் கொடுத்த பிடே ஒரு பிராமணர், அதையும் சொல்லிவிடுகிறேன்.) பள்ளிக்குப் போகும் வழியில் சாணி எறிவார்களாம்; மாற்றுப் புடவை கையோடு எடுத்துப் போவாராம்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தைய கதை. அன்று நம்மவர் வீடுகளில், விளையாடும் வயதிலேயே விதவையான பெண்கள் ஏராளம். தலையை மழித்து மூலையில் உட்கார வைப்பார்கள். அவள் கர்ப்பமானால் கெடுத்தவனை யாரும் கேட்பதில்லை. அவள் உயிரை விடுவாள், அல்லது சிசுவைக் கொல்வாள். அவர்களுக்காகவே 1863-ல் புலே தம்பதி ஒரு பிரசவ விடுதி திறந்தார்கள். மாலி ஜாதியில் பிறந்த சாவித்ரிபாய், நம் வீட்டுப் பெண்களைக் கவனித்துக்கொண்டார்!

1874-ல் காசிபாய் என்ற பிராமண விதவையின் குழந்தையைத் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டு, டாக்டராக்கினார்கள். 1897 பிளேக்கில் யஷ்வந்த் வைத்தியம் பார்க்க, சாவித்ரிபாய் நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். நோய் கண்ட ஒரு சிறுவனைத் தூக்கிவந்ததில் அவருக்கும் தொற்றி, மார்ச் 10-ம் தேதி காலமானார். அந்த அம்மாவுக்குப் பிள்ளையாக இருந்தது காசிபாய் பெற்ற மகன்.